ஃப்ரீகேடில் ஒரே நிரலால் பல அளவுத் தகடுகள்: வரைதலையும் சரிபார்த்தலையும் தானியக்கமாக்கும் வழி

வடிவம் ஒன்றாகவும் அளவுகள் பலவாகவும் வரும் வேலைகளில்தான் கேட் எனப்படும் கணினி வரைவு மென்பொருளுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் உழைப்பு உடனே பலன் தரும். ஸ்டெப்பர் மோட்டாரைப் பொருத்தும் தகட்டை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு பெரிய துளை, சுற்றிலும் நான்கு போல்ட் துளைகள், மூலைகளில் வளைவு; மோட்டார் மாறும்போது எண்கள் மாறுமே தவிர வடிவம் மாறாது. ஒவ்வொரு மோட்டாருக்கும் இதைச் சுட்டியால் வரைந்து, மூன்று வகைக் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, பெயரிட்டு வைப்பது சலிப்பான வேலை மட்டுமல்ல, போகப்போகக் கவனம் சிதறும் வேலையும்கூட. அந்த வேலையை ஃப்ரீகேட் என்னும் கட்டற்ற மென்பொருளில் பைத்தான் நிரலாக எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன். வரைவதற்குக் கொடுக்கும் இடத்தைவிடச் சரிபார்ப்புக்குச் சற்றுக் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன். சரியான தகட்டை எத்தனை வேகத்தில் நிரல் செய்து தருமோ, தவறான தகட்டையும் அதே வேகத்தில் செய்து தரும்.

ஃப்ரீகேட் 2002-இல் யுர்கன் ரீகல் வெளியிட்டுத் தொடங்கிய திட்டம், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. வடிவியல் கணக்குகளை ஓப்பன் கேஸ்கேட் என்னும் உட்கருவி செய்கிறது. திரையில் நாம் அழுத்தும் பொத்தான்களில் பெரும்பாலானவை உள்ளே பைத்தான் கட்டளைகளாகவே ஓடுகின்றன என்பதுதான் நமக்கு வாய்ப்பு. ஓப்பன்ஸ்கேடும் நல்ல கருவியே. அங்கே வரைபடம் முழுவதுமே எழுத்துக் கோப்பு, கட்டளை வரியிலிருந்தே அளவுகளை மாற்றலாம். ஆனால் அது வளைவுகளையும் தட்டையான துண்டுகளாக்கியே கணக்கிடுவதால், வளைவுகளை வளைவுகளாகவே வைத்திருக்கும், எந்திரப் பட்டறைகள் கேட்கும் ஸ்டெப் கோப்பை அதிலிருந்து பெற முடியாது. முப்பரிமாண அச்சு மட்டுமே நோக்கம் என்றால் ஓப்பன்ஸ்கேட் போதும். உலோகத்தை வெட்டும் வேலைக்கு ஃப்ரீகேடையோ, அதே உட்கருவியைப் பயன்படுத்தும் கேட்குவெரி என்ற பைத்தான் நூலகத்தையோ தேர்ந்தெடுப்பதே என் வழக்கம்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலை வேண்டாம். பைத்தான் கன்சோலில் தொகுதியின் பெயரை எழுதிப் புள்ளி வைத்ததும் அதற்குள் இருக்கும் கட்டளைகளின் பட்டியல் விரியும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பைத்தான் கண்டிப்பாகப் பார்க்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

பதிவு செய்து படித்தல்

வியூ பட்டியலில் பேனல்ஸ் என்பதன் கீழ் இருக்கும் பைத்தான் கன்சோலையும் ரிப்போர்ட் வியூவையும் முதலில் திறந்து வையுங்கள். பிறகு விருப்பத்தேர்வுகளில் மேக்ரோ (சேமித்து வைத்து ஓட்டும் கட்டளைத் தொடர்) தொடர்பான பகுதிக்குச் சென்று, ஸ்கிரிப்ட் கட்டளைகளைக் கன்சோலில் காட்டும் தேர்வை இயக்குங்கள். அந்தப் பகுதி இருக்கும் இடம் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும். இனி நீங்கள் ஒரு பெட்டியை உருவாக்கினாலும், அதன் நீளத்தை மாற்றினாலும், அதற்குரிய பைத்தான் வரி கன்சோலில் ஓடுவதைக் காணலாம். கையேட்டைப் புரட்டுவதைவிட இதுவே விரைவான பாடம். மேக்ரோ பட்டியலில் உள்ள பதிவுப் பொத்தான் இதே வரிகளைக் கோப்பாகச் சேமித்துத் தருகிறது.

பதிவான மேக்ரோவை அப்படியே வேலைக்கு அனுப்பக் கூடாது. அதில் திரை இடைமுகத்தைக் குறிக்கும் கூய் என்ற முன்னொட்டுடன் வரும் வரிகள் பார்வைக் கோணம், தேர்வு, திரையைப் பொருத்துதல் போன்றவற்றைச் சார்ந்தவை. வடிவத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. எண்கள் எல்லாம் அந்தந்த இடத்திலேயே உறைந்து கிடக்கும். எல்லாவற்றையும்விடத் தொல்லையானது, நீங்கள் சுட்டியால் தொட்ட விளிம்பும் முகமும் எட்ஜ்12, ஃபேஸ்6 என்று வரிசை எண்களாகப் பதிவாவது. அளவு மாறி, புதிதாக ஒரு துளை சேர்ந்துவிட்டால் பன்னிரண்டாம் விளிம்பு வேறொரு விளிம்பாகிவிடலாம். இந்தச் சிக்கலை 1.0 பதிப்பு பெருமளவு தணித்திருக்கிறது. ஆனால் உங்கள் நிரல் விளிம்புப் பட்டியலிலிருந்து வரிசை எண்ணைச் சொல்லி ஒன்றை எடுக்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஆகவே பதிவிலிருந்து கட்டளையின் பெயரையும் அது கேட்கும் மதிப்புகளின் வரிசையையும் மட்டும் கற்றுக்கொண்டு, நிரலைத் தனியாக எழுதுவதே முறை.

எண்களை நிரலுக்கு வெளியே வைத்தல்

தகட்டின் அளவுகளை நிரலுக்குள் எழுதாமல், மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் ஒரு சி.எஸ்.வி. கோப்பில் வையுங்கள். லிப்ரேஆபிஸ் கால்க்கில் திறந்து திருத்தக்கூடிய கோப்பு என்பதால், பைத்தான் தெரியாத வடிவமைப்பாளரும் புதிய வரி ஒன்றைச் சேர்க்க முடியும். நம் கோப்பு இப்படி இருக்கும்:

மோட்டார்,பக்கம்,கனம்,வளைவு,இடைவெளி,நடுத்துளை,போல்ட்துளை
நேமா14,44,5,4,26,22.5,3.4
நேமா17,50,5,4,31,22.5,3.4
நேமா23,66,6,4,47.14,38.6,5.5

எல்லாம் மில்லிமீட்டரில். ஃப்ரீகேடின் உள் அலகும் அதுவே. நேமா எண் என்பது மோட்டார் முகத்தின் பக்கத்தை அங்குலத்தின் பத்தில் ஒரு பங்காகச் சொல்வது. 17 என்றால் 1.7 அங்குலம், அதாவது 43.2 மி.மீ. கடையில் கிடைக்கும் மோட்டாரின் முகமோ பெரும்பாலும் 42.3 மி.மீ. இருக்கும். எனவே பெயரிலிருந்து அளவைக் கணக்கிடாமல், வாங்கிய மோட்டாரின் தரவுத்தாளிலிருந்தே எண்களை எடுக்க வேண்டும். நேமா 23-க்கு 47.14 என்ற விசித்திரமான எண் வருவதற்குக் காரணம், போல்ட் துளைகள் 2.625 அங்குல விட்டமுள்ள வட்டத்தின் மேல் அமைவதுதான். அந்த விட்டத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இந்த இடைவெளி வரும். நேமா 17-இன் முகத்தில் 3 மி.மீ. விட்டமுள்ள எம்3 மரை வெட்டிய துளைகள் இருப்பதால், தகட்டில் எம்3-க்கு உரிய நடுத்தர இடைவெளித் துளையான 3.4 மி.மீ. போட்டிருக்கிறோம். நடுத்துளையில் மோட்டாரின் வட்டப் புடைப்பு உட்கார வேண்டும். புடைப்பு 22 மி.மீ. என்பதால் அரை மி.மீ. சேர்த்து 22.5 ஆக்கியிருக்கிறோம்.

கோப்பைப் படிக்கப் பைத்தானின் சி.எஸ்.வி. தொகுதியில் உள்ள டிக்ட்ரீடர் போதும். ஒவ்வொரு வரியும் தலைப்புப் பெயரால் அழைக்கக்கூடியதாகக் கிடைக்கும். ஆனால் மதிப்புகள் எல்லாம் எழுத்துச் சரங்களாகவே வரும் என்பதால், ஒவ்வொன்றையும் ஃப்ளோட் என்னும் தசம எண்ணாக ஆக்கிய பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும். எக்செல் சேமித்த யு.டி.எஃப்-8 கோப்பாக இருந்தால் முதல் தலைப்பின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு, மோட்டார் என்ற தலைப்பே இல்லை என்று நிரல் சொல்லும். கோப்பைத் திறக்கும்போது குறிமுறையை யு.டி.எஃப்-8-சிக் என்று கொடுத்தால் அந்தக் குறி நீங்கிவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே இன்னொரு பொறி உண்டு. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பக்கம், கனம், இடைவெளி என்று எழுதிய நிரல் தடையின்றி ஓடும். ஆனால் மோட்டார் என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஓகார உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. மாறிப் பெயர்களைப் பைத்தான் தானே ஒருமைப்படுத்திக்கொள்ளும்; மேற்கோளுக்குள் வரும் சரங்களை அது தொடுவதில்லை. அதனால் ஒரு விசைப்பலகையில் அடித்த தலைப்பும் இன்னொன்றில் அடித்த நிரலும் பொருந்தாமல் போகலாம். யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் கட்டளையை என்.எஃப்.சி. முறையில் எல்லாத் தலைப்புகளுக்கும் ஒருமுறை ஓட்டிவிட்டால் சிக்கல் தீரும். பெயர்களைத் தமிழில் வைப்பதா என்பது குழுவின் விருப்பம். ஏற்றுமதிக் கோப்பின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும். வெட்டும் எந்திரங்களின் பழைய கட்டுப்பாட்டு மென்பொருள்கள் பல, பிற எழுத்துகளைப் படிப்பதில்லை. அதற்கென ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வடிவத்தைக் கட்டுதல்

ஒரு வரியின் எண்களைப் பெற்று ஒரு திண்மத்தைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றை எழுதுவதே நிரலின் நெஞ்சுப் பகுதி. அந்தச் செயற்கூறு ஆவணத்தையோ திரையையோ தொடக் கூடாது. எண்கள் உள்ளே போக வேண்டும், வடிவம் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். இப்படிப் பிரித்து வைத்தால் பின்னர் திரையில்லாமல் ஓட்டுவதற்கும் தனியாகச் சோதிப்பதற்கும் எந்த மாற்றமும் தேவைப்படாது.

முதல் வரியில் பார்ட் தொகுதியின் மேக்பாக்ஸ் கட்டளைக்குப் பக்கம், பக்கம், கனம் என்ற மூன்று மதிப்புகளையும், நான்காவதாகத் தொடக்கப் புள்ளியையும் கொடுக்கிறோம். பெட்டி தன் மூலையிலிருந்து வளர்வதால், தொடக்கப் புள்ளியை இரு அச்சுகளிலும் பக்கத்தில் பாதியளவு பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்போது தகட்டின் மையம் ஆதிப்புள்ளியில் அமையும். போல்ட் துளைகளின் இடங்கள் எல்லாம் இடைவெளியில் பாதி, அதன் எதிர்க்குறி என்ற இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடும்.

அடுத்து மூலை வளைவு. மேக்ஃபில்லட் கட்டளை ஆரத்தையும் விளிம்புகளின் பட்டியலையும் கேட்கும். வரிசை எண் சொல்லாமல், விளிம்பின் இயல்பைச் சொல்லித் தேடுவதுதான் இங்கே கற்க வேண்டிய பழக்கம். பெட்டியின் 12 விளிம்புகளையும் மடக்கில் ஒவ்வொன்றாக எடுத்து, அதன் இரு முனைகளின் எக்ஸ் மதிப்பும் ஒய் மதிப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தால், செங்குத்தான நான்கு விளிம்புகளும் தாமாகவே பிரிந்து வரும். தசம எண்களைச் சமக்குறியால் ஒப்பிடாமல், வேறுபாடு ஒரு மி.மீ.யில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

வளைவைத் துளையிடுவதற்கு முன்பே போட வேண்டும் என்பதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. ஓப்பன் கேஸ்கேடில் உருளைப் பரப்பு ஒவ்வொன்றிலும், சுருட்டிய காகிதத்தின் இரு ஓரங்கள் சந்திப்பதைப் போல, மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோட்டு விளிம்பு இருக்கும். ஐந்து துளைகளும் போட்ட பிறகு செங்குத்து விளிம்புகளைத் தேடினால் நான்குக்குப் பதிலாக ஒன்பது கிடைக்கும். அந்தப் பட்டியலை மேக்ஃபில்லட்டுக்குக் கொடுத்தால் கணக்கு முறிந்துபோகும். பிழைச் செய்தியோ இதை விளக்கும் வகையில் இருக்காது.

பிறகு துளைகள். நடுத்துளைக்கு ஓர் உருளை, போல்ட் துளைகளுக்கு இரண்டு மடக்குகளில் நான்கு உருளைகள். மேக்சிலிண்டர் கேட்பது ஆரத்தை. நம் பட்டியலில் இருப்பதோ விட்டம். இரண்டால் வகுக்க வேண்டும். உருளை தகட்டின் அடிப்பரப்புக்கு 1 மி.மீ. கீழே தொடங்கி மேற்பரப்புக்கு 1 மி.மீ. மேலே முடியட்டும். இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் நிலையில் கழித்தல் கணக்கு சில நேரம் தடுமாறும் என்பதால் இந்த நீட்சி. ஐந்து உருளைகளையும் ஒரு பட்டியலாகச் சேர்த்து, கட் கட்டளைக்கு ஒரே தடவையில் கொடுப்பது ஒவ்வொன்றாகக் கழிப்பதைவிட நல்லது.

வடிவத்தை ஆவணத்தில் காட்ட வேண்டுமானால் ஆட்ஆப்ஜெக்ட் கட்டளையால் பார்ட் ஃபீச்சர் வகைப் பொருள் ஒன்றை உருவாக்கி, அதன் ஷேப் பண்பில் நம் திண்மத்தை வைத்து, ரீகம்ப்யூட் அழைத்தால் போதும். பொருளுக்கு நேம், லேபிள் என்று இரண்டு பெயர்கள் உண்டு. முன்னது உள்பெயர், உருவானபின் மாறாது, ஆவணத்தில் ஒன்றுதான் இருக்கும். பின்னது பயனர் விரும்பியபடி, தமிழிலும்கூட, மாற்றக்கூடியது. நிரல் எப்போதும் உள்பெயரையே நம்ப வேண்டும். மாற்றங்களை ஓப்பன்டிரான்ஸாக்‌ஷன், கமிட்டிரான்ஸாக்‌ஷன் என்ற இரு கட்டளைகளுக்கு இடையே வைத்துவிட்டால், நிரல் செய்த அனைத்தையும் ஒரே தடவையில் பின்வாங்கலாம்.

சரிபார்ப்பு

ஈஸ்வேலிட் என்ற கட்டளை வடிவம் வடிவியல்படி முறையானதா என்று சொல்லும். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். இது போதாது.

நேமா 17 வரியில் 31 என்பதற்குப் பதில் 13 என்று இடம் மாறி அடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். போல்ட் துளைகளின் மையங்கள் இரு அச்சுகளிலும் 6.5 மி.மீ. தொலைவுக்கு வந்துவிடும், மூலைவிட்டமாக அது 9.19 மி.மீ. துளையின் ஆரமான 1.7-ஐச் சேர்த்தாலும் 10.89 மி.மீ.தான், நடுத்துளையின் ஆரமோ 11.25. நான்கு போல்ட் துளைகளும் நடுத்துளைக்குள் முழுமையாக மறைந்துபோகும். கிடைக்கும் தகடு முறையான திண்மம். ஈஸ்வேலிட் ஆம் என்றே சொல்லும், ஏற்றுமதியும் தடையின்றி நடக்கும், போல்ட் போட இடமில்லாத தகடு பட்டறைக்குப் போய்விடும்.

இதைப் பிடிக்க நிரலிலேயே மூன்று சோதனைகளை எழுதலாம். முதலாவது, முகங்களின் எண்ணிக்கை. சரியான தகட்டில் மேலும் கீழும் இரண்டு, பக்கங்களில் நான்கு, மூலை வளைவுகள் நான்கு, துளைகளின் உட்பரப்புகள் ஐந்து, ஆக 15 முகங்கள் இருக்க வேண்டும். மேற்சொன்ன பிழையில் 11 மட்டுமே இருக்கும். ஃபேசஸ் பட்டியலின் நீளத்தை எடுத்து 15-உடன் ஒப்பிடுவது ஒரே வரி வேலை.

இரண்டாவது, கன அளவு. தகட்டின் கன அளவைக் கையாலேயே கணக்கிடலாம்: பக்கத்தின் வர்க்கத்திலிருந்து நான்கு மூலைகளில் இழக்கும் பரப்பைக் கழித்து, ஐந்து துளைகளின் பரப்பையும் கழித்து, கனத்தால் பெருக்க வேண்டும். மூலைகளில் இழக்கும் பரப்பு என்பது நான்கிலிருந்து பை மதிப்பைக் கழித்து வளைவு ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. நேமா 17 தகட்டுக்கு இது 10,261.7 கன மி.மீ. வரும், ஷேப்பின் வால்யூம் பண்பும் அதையே காட்ட வேண்டும். தவறான தகட்டில் அது 10,443 கன மி.மீ. ஆக இருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு: வாய்பாடு இடைவெளியைப் பார்ப்பதே இல்லை. துளைகள் ஒன்றோடொன்று மோதினாலோ தகட்டுக்கு வெளியே போனாலோ மட்டுமே வேறுபாடு வெளிப்படும். 31-க்குப் பதில் 33 அடித்திருந்தால் இரண்டு எண்களும் ஒத்துப்போகும். அந்த வகைப் பிழையைத் தரவுத்தாளோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கன அளவால் இன்னொரு பயனும் இருக்கிறது: அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம் என்று கொண்டால் தகடு சுமார் 27.7 கிராம் இருக்கும் என்பதை நிரலே அறிக்கையில் எழுதிவிடலாம்.

மூன்றாவது, துளைகளுக்கு இடையே மிஞ்சும் உலோகம். போல்ட் துளையின் மையத்துக்கும் தகட்டின் மையத்துக்கும் உள்ள தொலைவிலிருந்து இரு துளைகளின் ஆரங்களையும் கழித்தால் இடையில் நிற்கும் சுவரின் தடிமன் கிடைக்கும். நேமா 17-க்கு இது 8.97 மி.மீ., நேமா 14-க்கு 5.43 மி.மீ. குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் முடிவு செய்து ஒரு மாறியில் வைக்கட்டும். அதற்குக் கீழே போனால் நிரல் நின்றுவிட வேண்டும். எச்சரிக்கை அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும் நிரலை யாரும் கவனிப்பதில்லை.

கையால் வரைந்த மாதிரியாக இருந்தால்

எல்லா வடிவத்தையும் நிரலில் கட்டுவது அறிவுடைமை ஆகாது. ஸ்கெட்ச் (தட்டைப் படம்), பேட் (அதைத் தடிமனாக்குதல்), பாக்கெட் (அதனால் குடைதல்) என்று ஒருவர் கவனமாக வரைந்து வைத்த சிக்கலான மாதிரியை, அதன் வரலாற்றோடு அப்படியே வைத்துக்கொண்டு, அளவுகளை மட்டும் நிரலால் மாற்றுவதே அங்கே நல்லது. ஃப்ரீகேடின் ஸ்ப்ரெட்ஷீட் பணிமேடையில் ஒரு விரிதாளை உருவாக்கி, ஒவ்வொரு அளவின் கட்டத்துக்கும் ஒரு மாற்றுப்பெயர் வையுங்கள். ஸ்கெட்ச்சில் உள்ள கட்டுப்பாடுகளின் மதிப்பாக எண்ணுக்குப் பதில் அந்த மாற்றுப்பெயரை எழுதுங்கள். மாற்றுப்பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். கட்டத்தின் முகவரியைப் போலவோ அலகின் பெயரைப் போலவோ தோன்றும் பெயர்களை மென்பொருள் ஏற்காது. பிறகு நிரல் செய்ய வேண்டியது, விரிதாளின் செட் கட்டளையால் புதிய மதிப்பை அலகோடு சரமாக எழுதி, ஆவணத்தை ரீகம்ப்யூட் செய்வது மட்டுமே.

இந்த முறையில் ஓர் ஆபத்து உண்டு. புதிய அளவுக்கு மாதிரியின் ஏதோ ஒரு படி தோற்றுவிட்டால், அந்தப் படியின் பழைய வடிவம் அப்படியே நின்றுவிடக்கூடும். நிரல் அதைக் கவனிக்காமல் ஏற்றுமதி செய்தால், நேமா 23 என்று பெயரிட்ட கோப்புக்குள் நேமா 17-இன் தகடு இருக்கும். ஆகவே ரீகம்ப்யூட்டுக்குப் பின் ஆவணத்தின் எல்லாப் பொருள்களையும் மடக்கில் எடுத்து, ஸ்டேட் பண்பில் இன்வேலிட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வடிவத்தைச் சுற்றி அடைக்கும் பெட்டியான பவுண்ட்பாக்ஸின் நீளத்தையும் எதிர்பார்த்த பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

ஏற்றுமதி

எந்திரப் பட்டறைக்கு ஸ்டெப் கோப்பு. ஷேப்பின் எக்ஸ்போர்ட்ஸ்டெப் கட்டளை போதும், சொல்ல வேறொன்றும் இல்லை.

முப்பரிமாண அச்சுக்கு எஸ்.டி.எல். கோப்பு வேண்டும். அதில் வட்டம் என்பதே கிடையாது, பலகோணம்தான். விலகல் வரம்பை 0.1 மி.மீ. என்று வைத்தால் 22.5 மி.மீ. துளை ஏறக்குறைய 24 பக்கப் பலகோணமாகும். பலகோணத்தின் முனைகள் வட்டத்தின் மேலும் பக்கங்கள் அதற்கு உள்ளேயும் இருப்பதால், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே துளை 22.3 மி.மீ.ஆகச் சுருங்கும். நாம் யோசித்துக் கொடுத்த அரை மி.மீ. இடைவெளியில் ஒரு பங்கு இப்படியே போய்விடுகிறது. மெஷ்பார்ட் தொகுதியின் மெஷ்ஃப்ரம்ஷேப் கட்டளையில் விலகலை 0.01 என்று நாமே குறித்துக் கொடுத்தால் பக்கங்கள் ஏறக்குறைய 75 ஆகும். இவ்வளவு சிறிய தகட்டுக்குக் கோப்பின் அளவு ஒரு பொருட்டல்ல.

லேசர் வெட்டுக்குத் தட்டையான கோட்டுப்படத்தைத் தாங்கும் டி.எக்ஸ்.எஃப். கோப்பைக் கேட்பார்கள். திண்மத்தின் ஸ்லைஸ் கட்டளைக்கு மேல்நோக்கிய திசையையும் கனத்தில் பாதி உயரத்தையும் கொடுத்தால், அந்த மட்டத்தில் வெட்டுமுகத்தின் கோடுகள் கிடைக்கும். வெளிக்கோடு ஒன்று, துளைகள் ஐந்து, ஆக ஆறு மூடிய கோடுகள். இந்த எண்ணிக்கையையும் சோதித்துவிடலாம். அவற்றை ஒரு பொருளாகச் சேர்த்து இம்போர்ட்டிஎக்ஸ்எஃப் தொகுதியின் எக்ஸ்போர்ட் கட்டளைக்கு அனுப்ப வேண்டும். டி.எக்ஸ்.எஃப். கோப்பில் அலகு தெளிவில்லாமல் போவது வாடிக்கை என்பதால், வெட்டுபவரிடம் மி.மீ. என்றும் வெளிப்பக்கத்தின் நீளம் இவ்வளவு என்றும் எழுதியே கொடுங்கள்.

திரையில்லாமல் ஓட்டுதல்

ஃப்ரீகேடுடன் ஃப்ரீகேட்சிஎம்டி என்ற நிரலும் வருகிறது. இதற்கு நம் பைத்தான் கோப்பின் பெயரைக் கொடுத்தால் சாளரம் எதுவும் திறக்காமல் வேலை முடியும். இங்கே கூய் தொகுதி இல்லை. பொருள்களின் நிறம், தோற்றம் ஆகியவற்றைத் தாங்கும் வியூஆப்ஜெக்டும் வெறுமையாக இருக்கும். பதிவான மேக்ரோவின் திரை சார்ந்த வரிகளை முன்பே நீக்கச் சொன்னது இதற்காகவும்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் நிரல் ஓர் அறிக்கைக் கோப்பை எழுதட்டும்: மோட்டாரின் பெயர், முகங்களின் எண்ணிக்கை, கன அளவு, சுவரின் தடிமன், தேறியதா இல்லையா. தேறாத வரிக்கு எந்தக் கோப்பும் உருவாகக் கூடாது. முந்தைய ஓட்டத்தின் கோப்பு அதே பெயரில் கிடந்தால் அதை நீக்கவும் வேண்டும்.

நிரலையும் சி.எஸ்.வி. கோப்பையும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்னும் கருவியில் வைத்தால் எந்த எண் எப்போது மாறியது என்பது வரிவரியாகத் தெரியும். ஃப்ரீகேடின் சொந்தக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி என்பதால் அதில் மாற்றங்களை அப்படிப் படிக்க முடியாது. பிறர் எழுதிய மேக்ரோவை இறக்கி ஓட்டுவதாக இருந்தால் முதலில் படித்துப் பாருங்கள். அது முழு வல்லமையுள்ள பைத்தான் நிரல். உங்கள் கோப்புகளை அழிக்கவும் அதனால் முடியும்.

புதிய வரி சேரும்போது

சில மாதங்கள் கழித்து யாரேனும் நேமா 34 கேட்பார்கள். இடைவெளி 69.6, புடைப்பு 73 மி.மீ. என்பதால் நடுத்துளை 73.5, போல்ட் துளை 6.5, தகட்டின் பக்கம் 100, கனம் 8 என்று ஒரு வரியைச் சேர்க்கிறோம். நடுத்துளை எப்போதும் இடைவெளியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்று யாரேனும் எளிமையான சோதனை ஒன்றை எழுதி வைத்திருந்தால், முதல் மூன்று மோட்டார்களுக்கும் அது சரியாகவே வேலை செய்திருக்கும், இங்கே 73.5 என்பது 69.6-ஐவிடப் பெரியது என்பதால் நல்ல தகட்டை அது மறுத்துவிடும். போல்ட் துளைகள் மூலைவிட்டத்தில் நிற்கின்றன. மையத்திலிருந்து அவற்றின் தொலைவு 49.2 மி.மீ. இரு ஆரங்களையும் கழித்த பின்னும் 9.2 மி.மீ. சுவர் மிஞ்சுகிறது. மூலைவிட்டத்தைக் கணக்கிட்டு எழுதிய நம் சோதனை இந்த வரியை மாற்றமின்றி ஏற்றுக்கொள்ளும். முகங்கள் 15, வெட்டுமுகக் கோடுகள் 6 என்ற எண்ணிக்கைகளும் அப்படியே பொருந்தும். மூன்று கோப்புகளும் அறிக்கையில் ஒரு புதிய வரியும் உருவாகும்.